இரண்டு வள்ளம்

"உன்ர கணக்கு என்ன சொல்லுது பிள்ளை? அண்டைக்கு நாலு பேரும் ஒரு வள்ளத்திலை ஏறியிருக்கலாமோ?"

தாய் மார்கிறட் இப்படிக் கேட்டதும், நனைத்த பஞ்சால் அவள் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்த டிலுசாவின் கை நின்றுவிட்டது. ஆசுபத்திரியில் கைவிரித்துவிட, மார்கிறட்டை வீட்டுக்கே கொண்டுவந்திருந்தார்கள்.

சண்டையின் கடைசி நாட்களில் கடலால் தப்பியபோது குடும்பத்தை இரண்டாகப் பிரித்தவள் மார்கிறட்தான். ஒன்று கவிழ்ந்தாலும் மற்றது மிஞ்சட்டும் என்று ஒரு வீட்டாரை ஒரே வள்ளத்தில் ஏற்றுவதில்லை என்பது அந்தக் கரையின் வழக்கம். தாயும் மகளும் ஏறிய வள்ளம் கரை சேர்ந்தது. தகப்பன் தோமசும் தம்பி றெஜியும் ஏறியது வரவேயில்லை. உடல்கள் கிடைக்காததால், அவர்களுக்கு இறந்தோர் பூசை வைக்க மார்கிறட் கடைசிவரை சம்மதிக்கவில்லை.

டிலுசா நிதிக் கணிதத்தில் ஆராய்ச்சிக்குப் போனாள். என்னதான் படிக்கிறாய் என்று தாய் ஒருமுறை கேட்டாள்.

"விலையள் ஆடுற சந்தையிலை காசை எப்பிடிப் பிரிச்சுப் போடுறது எண்டு. அந்த ஆட்டமும் சீரா இராது அம்மா. கரடுமுரடா வெட்டி வெட்டி ஆடும். பழைய ஆட்டமெல்லாம் இண்டைக்குள்ளையும் கிடக்கும்."

மார்கிறட் எழுந்து, அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை, இன்றுவரை.

டிலுசாவுக்கு விடை தெரியும். பிரித்து வைப்பதுதான் புத்தி. எல்லாம் ஒன்றாகச் சரிகிற நாளில் பிரித்து வைத்தும் பெரிய பயனில்லை என்பதும் தெரியும். அந்தப் பாதியை விழுங்கிக்கொண்டாள்.

"பிரிச்சதுதான் சரி அம்மா. அதாலைதான் நாங்கள் ரெண்டுபேரும் மிஞ்சினம்."

"ஓம்," என்றாள் மார்கிறட். "றெஜி என்ர சீலையைப் பிடிச்சவன் விடேல்லை. நான்தான் அவன்ர விரலை ஒவ்வொண்டாக் கழட்டிவிட்டனான்."

இத்தனை வருடமாக டிலுசா கணக்கில் பிரித்துப் போட்ட பங்குகள் எதற்கும் விரல்கள் இருந்ததில்லை. பஞ்சை மறுபடி நனைத்து, தாயின் உதட்டைத் துடைத்தாள். பின்னேரம் மார்கிறட்டின் மூச்சு அடங்கியது.

மறுநாள், மரச்சிலுவைக்குப் பெயர் எழுத வந்தவர் முற்றத்தில் குந்தி, தூரிகையைக் கறுப்பு மையில் தோய்த்து முதல் எழுத்தைப் போட்டுவிட்டுக் கேட்டார்.

"அம்மான்ர பேர் மட்டும்தானே தங்கச்சி?"

"இல்லை அண்ணை. அப்பான்ரையும் தம்பின்ரையும் போடுங்கோ. மூண்டையும் ஒண்டா."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார்.

"இடம் காணாது. நெருக்கமா வரும்."

"வரட்டும்."

அவர் எழுதியதைத் துணியால் துடைத்தார். எழுத்தைச் சின்னதாக்கி, பலகையின் ஓரத்திலிருந்து மறுபடி தொடங்கினார்.