கர்னலின் குடுவை

கர்னல் என்று நான் பெயர் வைத்தது அதன் தொப்பையைப் பார்த்துத்தான். எங்கள் பக்கத்தில் கரும்புத் தோட்ட முதலாளிகளை அப்படித்தான் அழைப்போம். வயிறு முதலில் வரும், ஆள் பின்னால் வருவார். இந்தக் கர்னலின் வயிற்றில் இருந்ததோ குஞ்சுகள். கடல்குதிரையில் ஆண்தான் சுமக்கும், ஆண்தான் பெறும். என் தெப்பத்தில் சுற்றிப் பார்க்க ஏறும் பெண்கள் இதைக் கேட்டதும் பக்கத்திலிருக்கும் புருஷனை முழங்கையால் இடிப்பார்கள். நான் அடுத்த தெப்பக்காரன் ஜெனிவாலைக் கைகாட்டுவேன்.

"இவனுக்கு வீடு நிறையப் பிள்ளைங்க. ஒண்ணையாவது இவனைச் சுமக்கச் சொல்லுங்க, பார்ப்போம்!"

"லிண்டால்வாக்கா, காலங்காத்தால என் மானத்தை வாங்காதே," என்பான் அவன்.

எங்கள் கழிமுகத்தில் ஒவ்வொரு தெப்பத்துக்கும் அதற்கென்று சில அலையாத்தி வேர்கள் உண்டு. அடுத்தவர் வேரில் கை வைக்க மாட்டோம். கர்னல் என் வேரில் இருந்தான். அவன் ஜோடி கொஞ்சம் தள்ளி. விடிந்ததும் அவள் வருவாள், வாலோடு வால் கோத்து அவனோடு ஒரு சுற்று சுற்றிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விடுவாள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

முன்பெல்லாம் கண்ணாடிக் குடுவையில் பிடித்துக் காட்டுவோம். தண்ணீர் சூடாவதற்குள் திரும்ப விட்டுவிட வேண்டும், அதுதான் எங்கள் சட்டம். பிறகு சுற்றுச்சூழல் அலுவலகத்தார் வந்து, குடுவையே அதைக் கொல்கிறது என்றார்கள். கத்தினோம், சண்டை போட்டோம், கடைசியில் தெப்பக்காரர் சங்கக் கூட்டத்தில் குடுவை வேண்டாமென்று எல்லோரும் கையைத் தூக்கினோம். என் குடுவையில் பீன்ஸைக் கொட்டி வைத்தேன். பார்க்க வருகிறவர்கள் முகத்தைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்துக்கொள்ளட்டும். வருமானம் குறைந்தது, கடல்குதிரைகள் பெருகின. அதில் எனக்குப் பெருமைதான், எதற்கு மறைக்க வேண்டும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்டுகளெல்லாம் மரத்தில் ஏறியிருந்தன. தண்ணீர் கெட்டால்தான் அவை அப்படி ஏறும். கொஞ்ச நேரத்தில் புளித்த வாடையும் வந்துவிட்டது. மேலே கரும்பாலையில் கழிவை ஆற்றில் விட்டிருக்கிறார்கள். கேட்டால் மழையில் தொட்டியின் கரை உடைந்தது என்பார்கள். வருஷா வருஷம் சொல்லிவைத்தாற்போல் உடைகிற கரை. இறால்கள் சேற்றில் துள்ளி விழுந்தன. மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு கடலைப் பார்த்து ஓடின. கடல்குதிரைக்கு ஓடத் தெரியாது. ஆபத்து வந்தால் வாலால் பிடித்திருப்பதை இன்னும் இறுக்கிக்கொள்ளும், அவ்வளவுதான்.

அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.

"கையால தொட்டுடாதீங்கம்மா, அது குற்றம்," என்றான் எடுத்தவன்.

"ஒரு ஆத்தையே கொல்றானே, அது குத்தமில்லையா?"

"நாளைக்கு ஆள் அனுப்பி தண்ணி சாம்பிள் எடுக்கிறோம்."

"தண்ணி எதுக்கு? பொணம் எடுக்க வாங்க!"

வீட்டுக்கு ஓடி, பீன்ஸைத் தரையில் கொட்டிவிட்டுக் குடுவையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அதற்குள் தண்ணீர் கடுங்காப்பி நிறமாகியிருந்தது. தடவித் தடவி என் வேரைக் கண்டுபிடித்தேன். கர்னல் இருந்தான். வாலைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்துக் குடுவைக்குள் விட்டேன். அவளையும் தேடினேன். எல்லா வேரிலும் தேடினேன். என் விரலே எனக்குத் தெரியாத தண்ணீரில் அவளை எங்கே பார்ப்பது? கிடைக்கவில்லை. பாவி, ஒரே ஒரு நாளாவது அவன் வேரிலேயே தங்கியிருக்கக் கூடாதா!

ஜெனிவாலும் மற்றவர்களும் வாளியிலும் சோற்றுப் பானையிலும் அவரவர் வேரில் இருந்ததை அள்ளியிருந்தார்கள். முகத்துவாரத்துக்குத் தெப்பத்தை விரட்டினோம். கடல் ஏறும் நேரம், அங்கே தண்ணீர் இன்னும் பச்சையாக இருந்தது. ஆனால் அடியில் வெறும் மணல். பிடித்துக்கொள்ள ஒரு புல்கூட இல்லை. தெப்பம் தள்ளும் கழிகளை மணலில் குத்தி நட்டோம். கர்னலை விட்டதும் என் கழியைச் சுற்றிக்கொண்டான்.

"பாருக்கா, கர்னல் காவலுக்கு நிக்கிறாரு," என்றான் ஜெனிவால். எல்லோரும் சிரித்தோம். பிழைத்துவிட்டோம் என்றுதான் நினைத்தோம்.

கர்னலின் உடம்பு முன்னும் பின்னும் மடங்கத் தொடங்கியது. வயிற்றுப் பை திறந்து குஞ்சுகள் புகைபோல வெளியே வந்தன. மயிரிழை மாதிரி இருந்தாலும் ஒவ்வொன்றும் முழுக் கடல்குதிரை. பிறந்த நொடியிலேயே பிடிக்க எதையாவது தேடின. கழி சிலவற்றுக்கு, என் பாவாடை நூல் சிலவற்றுக்கு, ஒன்றின் வால் இன்னொன்றுக்கு.

அப்போது கடல் இறங்கத் தொடங்கியது. ஏறியது இறங்கும் என்று எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். நாங்கள் விட்டு வந்த கறுப்புத் தண்ணீர் முழுவதும் எங்களைத் தேடி வந்தது.

குடுவையால் குஞ்சுகளை அள்ளினேன். அள்ள முடிந்தவரை அள்ளினேன். கர்னலையும் எடுக்கக் கையை விட்டேன். வாலை அவன் இறுக்கியிருந்த இறுக்கில் ஒரு கையால் பிரிக்க முடியவில்லை. இன்னொரு கையில் குடுவை. கறுப்பு வந்து கழியை மூடியது. குடுவையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன்.

உச்சிவெயில். கண்ணாடி என் உள்ளங்கையில் சுட ஆரம்பித்தது.

"அக்கா, தண்ணி சூடாகுது. ஊத்திடு," என்றான் ஜெனிவால்.

"எங்கடா ஊத்தச் சொல்ற?"

"வீட்டுக்குக் கொண்டுபோயிடலாமா?"

"உன் வீட்டுல எதைத் தின்னும்? உப்புத் தண்ணிக்கு எங்க போவ?"

அவன் ஆற்றைப் பார்த்தான். அந்தப் பக்கம் மணலைப் புரட்டி அடிக்கும் கடலைப் பார்த்தான். பிறகு தன் சட்டையைக் கழற்றி, குடுவையின் மேல் வெயில் படாதபடி விரித்துப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றான்.