பொய்ப்பிக்கப் போன குறட்டை

அச்சகத்து மாடியறையில் கடகடவென்று ஓடும் மின்விசிறிக்குக் கீழே அகராதிக்காரரும் அவர் மனைவியின் தம்பியும் ஒரு புதிய அகராதியைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். அன்று 'பொய்ப்பி' என்ற வினைச்சொல்லிடம் வந்து மாட்டிக்கொண்டார்கள்.

"'மறு'ன்னு பொருள் போட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க மாமா. ரெண்டும் ஒண்ணுதானே?" என்றான் மச்சான்.

அகராதிக்காரருக்குச் சுருக்கென்றது. "எப்படிடா ஒண்ணாகும்? இல்லவே இல்லைன்னு வாயால சொன்னா அது மறுக்குறது. ஆதாரத்தோட பொய்னு காட்டினாத்தான் பொய்ப்பிக்குறது. மழை பொய்த்ததுங்குறோமே, அது தானா நடக்குறது. இது நாம மெனக்கெட்டுச் செய்யுறது!"

"அப்ப எடுத்துக்காட்டு நான் சொல்றேன். சாப்பிட்டதும் நீங்க நாற்காலியிலேயே குறட்டை விடுறீங்க."

"நானா? சேச்சே! வாய்ப்பே இல்ல!"

"பாத்தீங்களா, இது வெறும் மறுப்பு. எங்க, பொய்ப்பிச்சுக் காட்டுங்க."

மானப் பிரச்சினை ஆகிவிட்டது. சாப்பாடு முடிந்த கையோடு கைபேசியில் ஒலிப்பதிவை முடுக்கி மேசைமேல் வைத்தார். முன்னெச்சரிக்கையாகப் பல்லைக் கடித்து வாயை இறுக்கிக்கொண்டு கண்ணை மூடினார். தூக்கம் வருவேனா என்றது. ஒரு கண்ணை மட்டும் திறந்தார். எதிரே மச்சான் கன்னத்தில் கையை ஊன்றி அவர் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்படி முறைச்சா எவனுக்குடா தூக்கம் வரும்? அந்தப் பக்கம் திரும்பு!"

திரும்பினான்.

அவர் விழித்தபோது ஜன்னல் வெயில் மேசைவரை வந்திருந்தது. மச்சானும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான். பதிவை ஓடவிட்டார்கள். கொஞ்ச நேரம் விசிறிச் சத்தம். பிறகு ரம்பத்தால் மரம் அறுப்பதுபோல் ஒன்று. அதற்கு ஒத்து ஊதிக்கொண்டு, காற்று இறங்கும் சைக்கிள் டியூப் போல் இன்னொன்று.

"ரம்பம் நீ," என்றார் அகராதிக்காரர்.

"நான் டியூப் மாமா. ரம்பம்தான் நீங்க."

"டேய், டியூப் என்னோடதுடா!"

கணவரைக் கடைக்கு அழைத்துப்போக வந்த மனைவி, இரண்டு வளர்ந்த ஆண்கள் ஒரு குறட்டைக்காக மல்லுக்கு நிற்பதை வாசலிலேயே நின்று பார்த்தாள். கைபேசியை வாங்கிக் காதில் வைத்தாள்.

"ரம்பம் என் தம்பி. பொறந்ததுலேர்ந்து கேக்குறேன். டியூப் நீங்க. கல்யாணத்துலேர்ந்து கேக்குறேன். இதுல என்ன சண்டை?"

அகராதிக்காரர் துள்ளி எழுந்தார். "கேட்டியாடா? நான்தான் டியூப்! நீ சொன்னது அத்தனையும் பொய்!"

"அப்ப குறட்டை விடுறது நிஜம்தானே மாமா?"

அகராதிக்காரர் மனைவி முகத்தைப் பார்த்தார். அங்கே உதவி கிடைக்கிறாற்போல் இல்லை. கைபேசியை மெல்ல அவள் கையிலிருந்து வாங்கி இன்னொரு தரம் ஓடவிட்டார்.

"இருந்தாலும், நல்லாக் கேளுங்க," என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு. "என்னுது ஒரே சீரா இருக்கு."