தீர்த்தத் தொட்டியின் குடிமக்கள்

பூசை முடிந்து சனம் வெளியேறிக்கொண்டிருக்கும்போதே, யூஜினியா ஒரு பஞ்சுக் குச்சியைத் தீர்த்தத் தொட்டியின் அடிவரை விட்டு, ஒரு சுழற்றுச் சுழற்றி, கண்ணாடிக் குழாய்க்குள் போட்டு மூடினாள். தூணோரம் நின்ற அவள் மாமியார் வெரோனிக்காவின் முகம் போன போக்கை மறுபடி பார்ப்பதற்காக, நான் இன்னும் பத்துப் பூசையை முழங்காலில் நின்றே கேட்பேன். ஓய்வுபெற்ற தபால்காரனுக்கு இதைவிட வேறென்ன பொழுதுபோக்கு வேண்டும்?

அந்தத் தொட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று, கூலிக்காரர்கள் குடியிருந்த லயங்களை இடித்துத் தள்ளிய பிறகு, செம்பனைகளுக்கு நடுவே மிஞ்சியது இந்தச் சிற்றாலயமும் வாசலில் அந்தக் கருங்கல் தொட்டியும்தான். மந்திரித்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றுவது பாவம் என்று வெரோனிக்கா அதை ஒருநாளும் காலி செய்ததில்லை. குறையக் குறையக் குழாய்த் தண்ணீரைச் சேர்ப்பாள். பழையது பாதிக்கு மேல் இருந்தால் புதியதும் தீர்த்தமாகிவிடும் என்பது அவள் சட்டம். அந்தக் கணக்குப்படி சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் ஆண்டபோது ஊற்றிய சொட்டுகூட உள்ளே இருக்கும், சத்தியம் செய்வேன். அடியில் விலாங்கு முதுகு மாதிரி வழுவழுவென்று ஒரு படலம். நாற்றம் கிளம்பினால் ஒரு மூடி குளோரோக்ஸ், துணி வெளுக்கிற மருந்து. அத்தோடு அவள் சுகாதாரக் கடமை முடிந்தது.

யூஜினியா புஞ்சாக் ஆலாம் ஊரில் ஒரு பல்கலைக்கழகச் சோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். அவள் பிள்ளை குறைமாதம். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு கிடந்து, இப்போதுதான் ஒரு பெரிய கத்தரிக்காய் அளவுக்குத் தேறியிருந்தான். அவன் பிழைத்தால் அந்தத் தொட்டித் தீர்த்தத்தாலேயே ஞானஸ்நானம் என்று மாமியார் நேர்ந்துகொண்டிருந்தாள். வருகிற ஞாயிறுக்கு நாளும் குறித்தாகிவிட்டது. தலையில் ஊற்றும் தண்ணீர் கண்ணிலும் வாயிலும் இறங்குமே என்பதுதான் தாய்க்காரியின் பயம்.

“நாந்தான் குளோரோக்ஸ் ஊத்துறேன்ல. அப்பறம் என்னா கிருமி?” என்றாள் வெரோனிக்கா.

“கொஞ்சமா ஊத்துனா சாவாது அத்தே. பழகிக்கும்லா.”

பிறகு யூஜினியா எனக்கு விளக்கிச் சொன்னாள். மருந்து விழுந்தால் மேலே மிதப்பவை சாகுமாம். அடியில் இருப்பவை பசை சுரந்து, அந்தப் பசைக்குள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுமாம். தின்ன ஒன்றும் கிடைக்காவிட்டால் வளராமல், அசையாமல், உயிரை மட்டும் பிடித்துக்கொண்டு கிடக்கும். நம்மாட்கள் விரல்விட்டுக் கொஞ்சம் அழுக்கு சேர்த்தால் எழுந்து பெருகும். எனக்கு உடனே ஆலயக் கமிட்டி நினைவுக்கு வந்தது. தலைவர் பேட்ரிக்கைக் கிளப்பப் பார்த்த ஃபாதர்கள் எல்லாம் மாற்றலாகிப் போய்விட்டார்கள். பேட்ரிக் அதே நாற்காலியில் பசை போட்டு உட்கார்ந்திருக்கிறார். வருடம் முழுக்க அசைவே இருக்காது. திருவிழாச் சாப்பாடு என்றால் மட்டும் எழுந்து மாலை போட்டுக்கொள்வார். கிருமிகளையாவது மன்னிக்கலாம். அவை உரையாற்றுவதில்லை.

வெள்ளிக்கிழமை கமிட்டிக் கூட்டம். யூஜினியா வேலையிடத்து விதியை மீறி, பஞ்சுக் குச்சியில் வந்த கிருமியை வளர்த்து, சுற்றிலும் டேப் ஒட்டி இறுக்கிய சோதனைத் தட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பார்த்ததும் வெட்கப்படுவார்கள் என்று நினைத்திருக்கிறாள், பாவம், படித்த பெண். தட்டு முழுக்கச் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு. இந்தக் கிருமிக்கு இதுதான் நிறம், குறைமாதப் பிள்ளைகளின் ரத்தத்தில் புகுந்தால் உயிருக்கே ஆபத்து என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் வெரோனிக்கா முழங்காலில் விழுந்தாள்.

“ஆண்டவரே, ரத்தம்.”

பேட்ரிக் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “அற்புதத்த சயன்ஸே காட்டிருச்சு பாத்தீங்களா. இனி எவன் கேள்வி கேப்பான்?”

சனிக்கிழமை விடிவதற்குள் தட்டு பீடத்தில், சுற்றிலும் மெழுகுவர்த்தி. ஜெராமிலிருந்து மீன் லோரியில் ஒரு கூட்டம், சுங்கை புரோங்கிலிருந்து வேன் பிடித்து ஒரு கூட்டம். ரோம் நகரமே இரண்டு பேருந்து எடுத்து வந்துவிடும் போலிருந்தது. தட்டின் மூடிக்கு முத்தமிட வரிசை. கமிட்டிதான் முதல் வரிசை. எண்ணெய்க் கப்பலில் இருக்கும் யூஜினியாவின் புருஷன், அம்மா சொல்றபடி செய் என்று போனை வைத்துவிட்டான். ஆக, அவள் கொண்டுவந்த சாட்சியே அவள் பிள்ளைக்கு எதிராகத் திரும்பிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் தாமதமாக வந்தார். அவருக்கு இன்னும் இரண்டு ஊர் பாக்கி. நடந்தது எதுவும் தெரியாமல், தண்ணீர் எங்கே என்று கேட்டார். மேசையில் யூஜினியா கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர் ஃபிளாஸ்கில் இருந்தது. வெரோனிக்கா தொட்டியிலிருந்து மொண்ட வெள்ளிக் குடத்தை மார்போடு அணைத்தபடி முன்னால் வந்தாள். சிலுவைப் போருக்குக் கிளம்பிய நடை.

யூஜினியா சண்டை போடவில்லை. கையில் புண் உள்ளவர்கள் அந்தக் குடத்தைத் தொட வேண்டாம் என்று மட்டும் சன்னமாகச் சொன்னாள். பிறகு பிள்ளையை நீட்டினாள்.

“நீங்களே புடிங்க அத்தே. நேந்துக்கிட்டது நீங்கதான.”

அந்தப் பிள்ளைக்கு இரண்டு கையும் வேண்டும். தலைக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று. தீர்த்தத்தைக் கண்ட இடத்தில் வைப்பது பாவம் என்று வெரோனிக்கா குடத்தைப் பேட்ரிக் பக்கம் நீட்டினாள். “இத கொஞ்சம் புடிங்க.” பேட்ரிக் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கூரையில் எதையோ ஆராய்ந்தார். அடுத்தவருக்குத் திடீரென்று இருமல். நேற்று மூடியை நக்காத குறையாக முத்தமிட்ட பொருளாளர், வீட்டுச் சாவியைத் தேடத் தொடங்கினார்.

குடத்தின் விளிம்பிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற கமிட்டி மொத்தமும் ஓரடி பின்வாங்கியது. வெரோனிக்கா அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு பெண்களுக்கும் நடுவே, யூஜினியா நீட்டிய கைகளில், பிள்ளை காற்றை உதைத்துக்கொண்டிருந்தான்.