மிச்சம் மூன்று கம்பி

கிட்டாரில் ஆறாவது கம்பியைத் தளர்த்திச் சுருதி இறக்கச் சொன்னால் டொரீன் நான்காவதை இறக்கிக்கொண்டிருந்தாள். நான் நடத்தும் புதன்கிழமை கிட்டார் வகுப்பு, தேவாலயக் கூடம், ஓய்வு பெற்ற ஏழு பேர். அப்போதுதான் என் போன் அடித்தது. எங்கள் தீவிலேயே ஹோனோகா என்ற ஊரில் இருக்கும் என் தம்பி கெயாகாவின் பக்கத்து வீட்டுக்காரி தமாயே பேசினாள்.

"உன் தம்பி விழுந்துட்டான்ப்பா. ஹீலோ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. நீ மொதல்ல இங்க வா. கிட்டார நீதான் வந்து எடுக்கணுமாம், வேற யாரும் தொடக்கூடாதாம்."

ஆஸ்பத்திரிக்குப் போகிற நேரத்திலும் கிட்டாருக்குக் காவல் போடுகிறான் பார் என்று எரிச்சல்தான் வந்தது.

பதினொரு வருஷமாக நான் அந்த வீட்டுப் பக்கம் போனதில்லை. எங்கள் அப்பா கிட்டாருக்குத் தனியாக ஒரு சுருதி வைத்திருந்தார். எந்தக் கம்பியை எவ்வளவு தளர்த்துவது என்பது தாத்தா அவருக்குக் கொடுத்தது. வீட்டில் ஒருவருக்கு மட்டும்தான் போகும். மூத்தவன் நான். "இவன் வாத்தியாரு, ஊருக்கே சொல்லிக் குடுத்துருவான்" என்று தம்பிக்குக் கொடுத்துவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை, அதுதான் என் ஆத்திரமே. எங்கள் தீவு ஆட்கள் வாசித்து முடித்ததும் கம்பிகளைத் தளர்த்திவிட்டுத்தான் கிட்டாரைக் கீழே வைப்பார்கள், பக்கத்தில் இருப்பவன் திருடிவிடக் கூடாதென்று. அப்பாவை அடக்கம் செய்த அன்று கெயாகா வாசித்தான். நான் கிட்டே வருவதைப் பார்த்ததும் ஆறு கம்பியையும் தளர்த்தினான். சொந்த அண்ணன் முன்னால். அன்றோடு சரி.

மனைவி இறந்த பிறகு, நான் இருக்கும் வைமேயாவில் மழைக்குப் பஞ்சமில்லாத பகல்களில் தனியாக உட்கார்ந்து அந்தச் சுருதியைத் தேடியிருக்கிறேன். அப்பா வாசித்த மெட்டு முழுக்க ஞாபகம் இருக்கும். எது எந்தக் கம்பியில் என்பது மட்டும் நழுவிவிடும். கேட்க ஆளும் கிடையாது.

தம்பி வீட்டு வராந்தாவில் நாற்காலி மேல் கிட்டார் கிடந்தது. சாரல் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. பெட்டியில் வைக்கலாமென்று எடுத்து மடியில் வைத்தேன். கீழே வைக்குமுன் கம்பியைத் தளர்த்துவது நாற்பது வருஷப் பழக்கம், கை தானாகக் கம்பி முடுக்கும் திருகுக்குப் போய்விட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. தடித்த கம்பிகள் மூன்றும் தொளதொளத்த பிறகுதான் உறைத்தது, அவன் கம்பிகளைத் தளர்த்தாமல் அந்தச் சுருதியிலேயே விட்டுப் போயிருக்கிறான்.

மிச்சமிருந்த மூன்றையும் தட்டிப் பார்த்தேன். டொரீனுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் அதே சாதாரண சுருதி. விஷயமெல்லாம் நான் தளர்த்திய மூன்றில்தான் இருந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அவன் வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. இடது கை போர்வை மேல் சும்மா கிடந்தது. தலை முழுக்க நரைத்திருந்தான். இவனுக்கு எப்போது இத்தனை வயதானது?

"கேட்டியா?" என்றான் குழறிக்கொண்டு.

"என்னத்த?"

"கம்பிய. கை மரத்துப் போறப்பவே தெரிஞ்சுபோச்சு. இறக்காம வச்சேன். உனக்குத்தான்... அண்ணே."

பொய் சொல்லியிருக்கலாம். "இறக்கிட்டேன்டா. பழக்கதோஷம்" என்றேன்.

என்னையே பார்த்தான். பிறகு பாதி வாயால் சிரித்தான். "நீயெல்லாம்... ஒரு வாத்தியாரு."

"இப்பச் சொல்லு. எழுதிக்கிறேன்."

"சுரத்தோட பேரெல்லாம் எனக்கென்ன தெரியும்? கைக்குத்தான் தெரியும்." போர்வை மேல் கிடந்த கையைப் பார்த்தான்.

நான் அழுதேன். அவன் பார்க்கிறான் என்று தெரிந்தும் அழுதேன். 

"சரி, ஒவ்வொரு கம்பியும் எப்படி ஒலிக்கும்னு பாடு. தடிச்ச கம்பியிலிருந்து" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டு முனகினான். கோணிய வாயில் ஒலி ஓரிடத்தில் நிற்காமல் வழுக்கியது. காதை அவன் வாய்க்குக் கிட்டே கொண்டுபோனேன்.

"இன்னொரு தரம்டா."

முனகினான். முதலில் வந்ததும் இதுவும் ஒன்றில்லை. மூன்றாவது தரம் வேறெங்கோ போனது. கண்ணைத் திறந்து, "சரியா?" என்று கேட்டான். சின்னப் பிள்ளை கேட்பதுபோல.

"அதேதான்" என்று சொல்லி அவன் வாயோரத்து எச்சிலைத் துடைத்துவிட்டேன். அவன் அடுத்த கம்பிக்கு மூச்சை இழுத்தான்.