பதிதர் என்று எழுதியவள்

என் புருஷன் பெயருக்குப் பக்கத்தில் 'பதிதர்' என்று எழுதியவள் நான்தான். ஆறு வருஷத்துக்கு முன் அவர் எங்கள் கத்தோலிக்கக் கோவிலை விட்டு, ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறை மாடியில் கூடும் புதுச் சபைக்குப் போனார். குப்பத்தில் வீடு வீடாகப் போய்க் கோவிலின் குடும்பப் பதிவேட்டை எழுதுவது அப்போது என் பொறுப்பு. அழுத்தித்தான் எழுதினேன். அவ்வளவு ஆத்திரம்.

நேற்று அவர் செத்துப்போனார். கோவில் கல்லறையில் இருக்கும் தன் அம்மாவின் குழியிலேயே தன்னைப் புதைக்கச் சொல்லியிருந்தார். காலையில் கோவில் அலுவலகத்துக்குப் போனேன். உபதேசியார் வேதநாயகம் பதிவேட்டைப் புரட்டிவிட்டுத் தலையை ஆட்டினார்.

"பதிதருக்கு நம்ம கல்லறைல எடம் கெடையாது லூர்துமேரி. நீதான எழுதிக்கீற."

"அதுக்கு இன்னா அர்த்தம் உபதேசியாரே?"

"தெரியாமயா எழுதுன?"

"சபை மாறுனவங்கள எங்க நைனா அப்டித்தான் திட்டுவாரு."

அது வடமொழி என்றார். பதிதன் என்றால் விழுந்தவன். ஒழுக்கம் தவறி, குலத்திலிருந்து விழுந்தவனைச் சொன்ன வார்த்தை. கப்பலேறி வந்த சாமியார்கள் தமிழ் படித்து, கோவிலை விட்டுப் பிரிந்தவர்களுக்கு அதையே வைத்தார்களாம். இப்போது பிரிந்த சகோதரர் என்றுதான் சொல்ல வேண்டுமாம்.

விழுந்தவரா? ஞாயிறு தவறாமல் வெள்ளைச் சட்டை போட்டு, தன் காலால் நடந்துபோய்ப் பஸ் ஏறிய மனுஷன். குடியை விட்டதே அங்கே போன பிறகுதான். அதை நான் எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை.

"அடிச்சிடுங்க."

"எழுதுனவங்கதான் அடிக்கணும். ஃபாதர் முன்னால, காரணத்தோட."

"அப்ப ஃபாதரக் கூப்டுங்க. அவரு வர்ற வரைக்கும் நான் எய்ந்திரிக்க மாட்டேன்."

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஃபாதர் வந்து, வார்த்தையைப் பார்த்து முகம் சுளித்து, பேனாவை என்னிடம் நீட்டினார். இரண்டு கோடு போட்டு அடித்தேன். காரணம் என்ற கட்டத்தில் 'பெண்டாட்டிக்குக் கோபம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

உபதேசியார் எட்டிப் பார்த்தார். "இத்தப் படிச்சா ஊரே சிரிக்கும். வேற எதுனா எழுதலாம்ல?"

"சிரிக்கட்டும். வேற எது எழுதுனாலும் பொய்."

ஃபாதர் கீழே தன் கையெழுத்தையும் போட்டு, குழி வெட்ட ஆளைக் கூப்பிடச் சொன்னார். அதற்கப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.