செவலைக் கோழி வழியாக வந்த ஓடிபி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, காதில் விழுந்தது. புரட்டாசிச் சனிக்கிழமை மாலை மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனேன். கீழே பக்கத்து வீடுகள் இரண்டின் புழக்கடையும் பளிச்சென்று தெரிந்தது. இரண்டு துண்டும் ஒரு போர்வையும் எடுக்க ஒரு மணி நேரமா என்று கேட்பவர்கள் கதை படிக்கத் தகுதியில்லாதவர்கள்.

பெயர்களை மாற்றிவிட்டேன். மாற்றிய பெயரிலும் எங்கள் தெருவில் ஆள் இருப்பதுதான் சங்கடம்.

தொடக்கம் மூன்று எழுதிப் பார்த்தேன்.

'மம்சாபுரத்துக்கு மேற்கே மலை நீலமாகப் படுத்துக் கிடந்த

[அடித்துவிட்டேன். மலை இந்தக் கதையில் ஒரு வேலையும் செய்யப்போவதில்லை.]

'பாதுகாப்பு என்பது யாது? பூட்டா, சாவியா, அல்லது மனித மனத்தின்

[இதையும் அடித்துவிட்டேன். பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டி வாடை அடிக்கிறது.]

'வெங்கடேஸ்வரி அன்று மாலை ஐந்து மணிக்குள் ஒரு பொத்தானை அமுக்க வேண்டியிருந்தது.'

இது இருக்கட்டும்.

2

வெங்கடேஸ்வரி ராஜபாளையத்தில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஊசி குத்துவதே தெரியாது என்று பேர் வாங்கியவள். அரசு வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறி, ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஒரு இடமும் அவள் பெயருக்கு வந்துவிட்டது. வீட்டிலிருந்து பஸ் ஏறினால் அரைமணி நேரம்கூட ஆகாது. இணையதளத்தில் போய் 'சம்மதம்' என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. சனிக்கிழமை ஐந்து மணி கெடு. தவறினால் இடம் அடுத்தவருக்கு. அவளுடைய வயது வரம்பு அடுத்த மாதத்தோடு முடிகிறது என்பதால் இன்னொரு பரீட்சை கிடையாது.

அதுவரை கடவுச்சொல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த தளம் அன்றைக்குப் பார்த்து, 'உங்கள் பாதுகாப்புக்காக* பதிவு செய்த எண்ணுக்கு ஆறு இலக்கக் கடவு எண் அனுப்பப்படும்' என்றது.

பதிவு செய்த எண் அவளுடையதல்ல. பக்கத்து வீட்டிலிருக்கும் ஓரகத்தி, அதாவது புருஷனின் அண்ணன் மனைவி, மாரிச்செல்வியுடையது. இருவரும் பதினாலு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

எண்ணை மாற்றிக்கொள்ளலாமே என்பீர்கள். தாராளமாக மாற்றலாம். மாற்றுவதற்குப் பழைய எண்ணுக்கு ஒரு ஓடிபி வரும். [இதை யோசித்துக் கண்டுபிடித்தவரை நேரில் பார்த்தால்... வேண்டாம், அவர் வீட்டிலும் பெண்டு பிள்ளைகள் இருக்கும்.]

* 'உங்கள் பாதுகாப்புக்காக' என்று யாராவது தொடங்கினால் நமக்கு ஒரு வேலை கூடப்போகிறது என்று பொருள். இவர்கள் கேட்கும் ரகசியக் கேள்வியைப் பாருங்கள்: 'உங்கள் வளர்ப்பு நாயின் பெயர் என்ன?' ராஜபாளையம் பக்கம் இது ரகசியமா? வீட்டுக்காரர் பெயர் தெரியாதவர்களுக்கும் நாயின் பெயர் தெரியும். 'தாயார் பிறந்த ஊர்?' அதைக் கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்து ஐந்நூறு பேருக்குக் கொடுத்தாயிற்று.

3

அந்த எண் எப்படி அங்கே போனது என்று சொல்லாவிட்டால் மாரிச்செல்விக்கு அநியாயம் செய்தவனாவேன். வெங்கடேஸ்வரி கல்யாணமாகி வந்த புதிதில் அவளிடம் கைபேசி இல்லை. "படிச்ச புள்ள அடுப்படியில கெடக்கக் கூடாதுட்டி" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், கணினிக் கடையில் அந்த வேலைத் தளத்தில் பதிவு செய்து, தன் எண்ணைக் கொடுத்தவள் மாரிச்செல்விதான்.

பிறகு என்ன ஆயிற்று? ஒரு நாள் மாரிச்செல்வி வீட்டுக் கிணற்று மோட்டாரை எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். 'மோட்டார் திருட்டுப் போச்சு' என்று குடும்பக் குழுவில் அழாத குறையாகப் போட்டாள். அதற்குக் கீழே வெங்கடேஸ்வரியிடமிருந்து ஒரு பதில் வந்து விழுந்தது: 'வாழ்த்துகள்!'

உண்மையில் அது சித்தி மகள் கல்பனாவுக்குப் பிள்ளை பிறந்ததற்குப் போக வேண்டியது. கல்பனாவின் பெயரை விரல் தொடும் நேரத்தில் மோட்டார் செய்தி வந்து குடும்பக் குழு மேலே ஏற, வரிசை ஒரு படி கீழே இறங்கிவிட்டது; விரல் குழுவில் பட்டது. பதறிப்போய் உடனே அழித்துவிட்டாள். அழித்ததோடு முடிந்தது என்று இவள் நினைத்தாள். அவள் மறக்கவில்லை. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த இடுப்புயரச் சுவர் ஆளுயரமாகிவிட்டது.

4

மணி நாலு பத்து. வெங்கடேஸ்வரியின் புருஷன் விக்னேஸ்வரன் ராணுவத்தில், எல்லையில், சிக்னல் இல்லாத உயரத்தில் இருந்தான். மாரிச்செல்வியின் புருஷன் தங்கப்பாண்டியன் தலைமைக் காவலர். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலுள்ள பெருமாள் கோயில் மலையான திருவண்ணாமலையில் புரட்டாசிக் கூட்டத்துக்குப் பந்தோபஸ்து. ஆறு முறை அழைத்தும் எடுக்கவில்லை. ஆக, மிஞ்சியது சுவர். சுவர்மேல் மாரிச்செல்வியின் செவலைக் கோழி.

பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் இங்கே பேசாமலா இருக்கிறார்கள்? கோழியிடம், ஆட்டிடம், துவைகல்லிடம் பேசுவார்கள். சேர வேண்டியவர்களுக்குப் போய்ச் சேரும். கணினிக்காரர்கள் இதை மூன்றாம் தரப்புச் செயலி என்பார்கள்.

வெங்கடேஸ்வரி 'அனுப்பு' என்பதை அமுக்கிவிட்டுக் கோழியைப் பார்த்துச் சொன்னாள்: "ஏ செவல, ஒங்க வீட்டு போனுல ஆறு நம்பரு வந்திருக்கும். அஞ்சு மணிக்குள்ள போடலன்னா ஒருத்திக்கு வந்த வேல போயிரும்."

உள்ளே கைபேசி சிணுங்கியது. மாரிச்செல்வி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"ஏட்டி செவல, ஓடிபிய ஆருக்கும் சொல்லக் கூடாதுன்னு எங்க வீட்ல அவிய பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போயிப் பேசிட்டு வாராவ. பெத்த தாயி கேட்டாலும் சொல்லக் கூடாதாம். நீ ஆரு?"

இங்கே ஒரு நிமிடம் கதையை நிறுத்துகிறேன். நாடே முகம் தெரியாதவன் போனில் கேட்டதும் ஓடிபியைப் பாட்டாகப் பாடிக்கொண்டிருக்கிறது. பாதுகாப்பு விதியை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தவள் என் அறிவுக்கு எட்டியவரை இவள் ஒருத்திதான். அதற்கும் காரணம் விழிப்புணர்வு அல்ல, வீம்பு. கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டுகிற எந்தப் பூட்டைவிடவும் ஓரகத்திச் சண்டை உறுதியானது.

"ஆனா எங்க கோழிய நான் வையக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல" என்றாள் மாரிச்செல்வி. கைபேசியை எட்டப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள்:

"அஞ்சு வீட்டு அரிசியத் தின்ன சிறுக்கி! ரெண்டு நாளா முட்டையக் காணோம். எட்டுக் குஞ்சு பொரிச்ச திமிரு. மூணு தடவ வெரட்டியும் புத்தி வரல. ஏழு தெரு சுத்துனாலும் கடசில ஒத்தக் காலுல இங்கதான் வந்து நிக்கணும்!"

ஐந்து, இரண்டு, எட்டு, மூன்று, ஏழு, ஒன்று. எவ்வளவு நேர்த்தி! ஆனால் வெங்கடேஸ்வரியின் காதில் 'நாளா' என்பது நாலாகவும், முட்டை என்பது பூஜ்யமாகவும் விழுந்தது. அஞ்சு, ரெண்டு, நாலு, முட்டை, எட்டு, மூணு. எண்ணிக்கை கூடுகிறதே என்று அவள் நிதானிப்பதற்குள், ஆறாவது எண் விழுந்ததும் அந்தத் தளம் அவளைக் கேட்காமலேயே சமர்ப்பித்துக்கொண்டது.

'தவறான எண். இன்னும் 2 வாய்ப்புகள். 15 நிமிடம் காத்திருக்கவும்.'

[வெங்கடேஸ்வரியை நான் குறை சொல்ல மாட்டேன். இந்த இடத்தைத் தட்டும்போது என் கைபேசியும் 'நாளா'வை 'நாலா' என்று நான்கு தடவை திருத்தியது. இல்லை, நாங்கு தடவை. பாருங்கள், இப்போது இதில் கைவைக்கிறது.]

5

மாரிச்செல்வியை வில்லியாக்கத்தான் எழுத உட்கார்ந்தேன். புருவத்தை நெரிக்க வைத்தேன், வாசலில் வெற்றிலையைத் துப்ப வைத்தேன். ஒட்டவில்லை. அவள் கைபேசியை அணைத்துவிட்டுப் படுத்திருக்கலாம். அந்தப் பதினைந்து நிமிடமும் கையிலேயே வைத்துக்கொண்டு, சார்ஜ் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தாள். வெற்றிலையை நீக்கிவிட்டேன்.

நாலரைக்கு இரண்டாவது எண் வந்தது. மூன்று நிமிடம்தான் செல்லும்.

"செவல, நாளு கெழம, முட்ட கிட்ட இதெல்லாம் வேண்டாம்" என்றாள் வெங்கடேஸ்வரி. "சுருக்கா வையச் சொல்லு."

"எப்பிடி வையணும்னு எனக்குப் பாடம் நடத்துதாளா? கேட்டுக்கோ செவல. மோட்டாரு போன அன்னைக்கு ஆறு மணிக்கு குரூப்புல போட்டேன். ஒம்பது பேரு பதறிப்போயி விசாரிச்சாவ. சேத்தூருலருந்து அய்யம்மா மதினி பஸ் ஏறி வந்து ஒக்காந்து அழுதுட்டுப் போனாவ. ஒருத்தி மட்டும் வாழ்த்துகள்னு போட்டா. நாலு பேரு அதப் பாத்துச் சிரிச்சாவ. ஆரு வீட்டுக் கொள்ளையில ஆருக்குச் சிரிப்பு? மூணு வேளையும் எனக்குச் சோறு எறங்கல செவல. கூடப் பொறந்தவளாட்டம் நெனச்சேனே..."

ஆறு, ஒன்பது, ஒன்று, நாலு, மூன்று. வெங்கடேஸ்வரி ஐந்தையும் சரியாகவே போட்டுவிட்டாள். ஆறாவதுக்கு வாயைத் திறந்த மாரிச்செல்வி அழுதுவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மூக்கைச் சிந்தினாள்.

"ரெண்டு..." என்றபோது திரையில் 'நேரம் முடிந்தது. 15 நிமிடம் காத்திருக்கவும்' என்று வந்தது.

திட்டு அசல். அதனால்தான் நீண்டுவிட்டது.

"அத நான் அப்பவே அழிச்சிட்டேனே!" என்று கத்தினாள் வெங்கடேஸ்வரி.

இதை அவள் கோழியிடம் சொன்னாள் என்று எழுதலாம். ஆனால் கோழி அங்கே இல்லை. முதல் 'சிறுக்கி'யிலேயே இறங்கிக் குப்பைமேட்டுக்குப் போய்விட்டது.

6

இப்போது ஒரு பொத்தானைப் பற்றி. செய்தியை அழிக்கப் போனால் 'அனைவருக்கும் நீக்கு', 'எனக்கு மட்டும் நீக்கு' என்று இரண்டு வரும். பதற்றத்தில் வெங்கடேஸ்வரி தொட்டது இரண்டாவதை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்று நம் ஆட்கள் கேட்டதைச் செயலி செய்தவர்கள் யோசனையாக எடுத்துக்கொண்டு பொத்தானாகவே செய்துவிட்டார்கள். அவள் கண்ணில் இல்லாத 'வாழ்த்துகள்!' பதினாலு மாதமாக மற்ற எல்லோர் கண்ணிலும் இருந்தது.

மூன்றாவது வாய்ப்புதான் கடைசி. அதுவும் போனால் கணக்கு ஒரு நாளைக்குப் பூட்டிக்கொள்ளும். என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன.

(அ) மாரிச்செல்வி மனமிரங்கி எண்ணைச் சொல்ல, இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். எண்ணெய் விளம்பரம்.

(ஆ) சொல்ல மறுக்கிறாள், வேலை போகிறது. இப்படி முடித்தால் விமர்சகர்கள் மெச்சுவார்கள். ஆனால் என் சர்க்கரைக்கு மாதாமாதம் ரத்தம் எடுப்பவள் வெங்கடேஸ்வரி. இதைப் படித்துவிட்டு ஊசியை எப்படிக் குத்துவாளோ.

(இ) தங்கப்பாண்டியன் மலையிலிருந்து

[இல்லை. போலீஸ் கடைசியில் வருவதெல்லாம் பழைய சங்கதி.]

நடந்ததையே எழுதிவிடுகிறேன்.

7

"அழிச்சியா? எங்கட்டி அழிச்ச?" என்றாள் மாரிச்செல்வி. சுவருக்கு இரண்டு பக்கமுமாக இந்த வழக்கு கால்மணி நேரம் ஓடியது. பிறகு மாரிச்செல்வி வீட்டுக்குள் புகுந்து, தெருவில் இறங்கி, வெங்கடேஸ்வரி வீட்டு வாசல் வழியாகப் புழக்கடைக்கே வந்துவிட்டாள். பதினாலு மாதத்தில் முதல் தடவை. நான் போர்வையை நாலாக மடித்து மறுபடியும் பிரித்தேன்.

வெங்கடேஸ்வரி அதற்குள் கடைசி 'அனுப்பு' அமுக்கியிருந்தாள். மணி நாலு ஐம்பத்திரண்டு.

"இந்தா, கண்ணத் தொறந்து பாரு. இன்னைக்கும் இருக்கு!" கைபேசியை அவள் மூக்குக்கு நேரே நீட்டினாள் மாரிச்செல்வி. அதில் அந்த 'வாழ்த்துகள்!' இருந்தது. வெங்கடேஸ்வரி பார்த்தாள்.

"அய்யோ அக்கா... இது கல்பனா புள்ளைக்குப் போட்டது. எனக்கு மட்டும் அழிஞ்சிருக்கு. இது தெரியாம, அழிச்ச பொறவும் இவியளுக்கு என்ன வீம்புன்னு நானும் மொறச்சிக்கிட்டுத் திரிஞ்சேனே."

மாரிச்செல்வி பதில் சொல்வதற்குள் அந்த 'வாழ்த்துகள்!' தலைக்கு மேலேயே புதுச் செய்தி வந்து இறங்கியது. ஆறு எண்கள். மாரிச்செல்வி கையை இழுத்துக்கொள்ளவில்லை. வாயைத் திறக்கவும் இல்லை. வெங்கடேஸ்வரி பார்த்துப் பார்த்துப் போட்டாள். தலைமைக் காவலரின் மனைவி ஓடிபியை யாருக்கும் சொல்லவில்லை என்று எந்தக் கோர்ட்டிலும் நான் சாட்சி சொல்வேன்.

சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"என்னட்டி இது, செக்குமாடு மாதிரி சுத்துது?"

"இப்பிடித்தான்க்கா சுத்தும், பீடை."

நாலு ஐம்பத்தேழுக்கு நின்றது. ஒரு கட்டம் வந்தது. எழுத்துக்கு எழுத்து தருகிறேன், அவர்கள் நாலைந்து தடவை உரக்கப் படித்தார்கள்:

'தேர்ந்தெடுத்த இடத்தை ரத்து செய்யாமல் தொடர வேண்டாமா? ஆம் / இல்லை'

"ஆம் போடுட்டி."

"ஆம்னா வேண்டாம்னு ஆயிருமேக்கா!"

"வேண்டாமான்னுதான கேக்கான்? வேணும்னு சொல்லு."

"வேணும்னு பொத்தான் இல்லையே."

"அப்ப இல்லைன்னு போடு."

"இல்லைன்னா எடம் இல்லைன்னு எடுத்துக்கிட்டா? அக்கா, 'சோறு வேண்டாமா'ன்னு அத்தானக் கேட்டா என்ன சொல்லுவாவ?"

"ஆமாம்பாவ."

"அதுக்குச் சோறு போடுவிகளா, மாட்டிகளா?"

"போட்டாலும் வைவாவ, போடாட்டாலும் வைவாவ. ஏட்டி, எந்தத் தடிமாடு எழுதுன தமிழு இது?"

பதினாலு மாதப் பாக்கியையும் சேர்த்து இரண்டு பேரும் அந்தத் தளத்தைத் திட்டினார்கள். ஒருத்தி ஆம் என்கிறாள், மற்றவள் இல்லை என்கிறாள். செத்த நேரம் கழித்து இவள் இல்லை என்கிறாள், அவள் ஆம் என்கிறாள். மாடியில் எனக்கு விடை வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் ஒரு மணி நேரம் நின்று கேட்டது தெரிந்துபோகும். விழுங்கிவிட்டேன்.

உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. நீங்கள் கேட்டதை யாரும் பார்க்கவில்லை. இன்னொரு முறை நிதானமாகப் படித்துப் பார்த்துச் சொல்லுங்கள். ரொம்ப நிதானமும் வேண்டாம். மணி நாலு ஐம்பத்தொன்பது. வெங்கடேஸ்வரியின் ஆள்காட்டி விரலை மாரிச்செல்வி இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். விரல் திரைக்கு மேலே நிற்கிறது.

ஆம் / இல்லை