மதுரை வரை நீண்ட கொடி

1983ஆம் ஆண்டு தை மாதத்தில், ஓடைப்பட்டி கஸ்தூரியம்மாளின் காறையெலும்புக்குக் கீழே பொருத்தப்பட்டிருந்த மருந்துக் குழாய் துளிர்விட்டது. முதலில் இரண்டு இலைகள் தோன்றின. மாதம் கழிவதற்குள் கொடி கூரையை எட்டியது. அது திராட்சை என்பதில் ஊரார் எவருக்கும் ஐயம் எழவில்லை.

அவருக்கு இரத்தப் புற்றுநோய். முன்பு ஏற்றிய மருந்துகளால் இரு கைகளின் நரம்புகளும் கருகிவிட்டமையால், மதுரை மருத்துவர்கள் மார்பின் பெரிய நரம்பு வழியே மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி, அதன் நுனியை இதயத்தருகே நிறுத்தியிருந்தார்கள். சிவப்பு மருந்து அவ்வழியே இறங்கியது. அக்குழாயைக் கண்டு, பட்டம் பெற்றவர்களும் தீட்டென்று ஒதுங்கினார்கள். படித்தவர் செய்யத்தக்க செயலன்று அது.

“ஏலே கர்ணா, கொடி அவ ரத்தத்தைத்தான் குடிக்குது. பிடுங்கி எறி” என்றார் மாமியார் ராக்கம்மாள்.

“ஆத்தா, இதையும் பிடுங்கிட்டா மருந்தை எதுல ஏத்துவாக? மருந்து நின்னா இவ இல்ல” என்றார் கணவர் கர்ணன்.

“கெடக்கட்டும் அத்தை. மொட்டைத் தலைக்கு நெழலாச்சு” என்றார் கஸ்தூரியம்மாள்.

அடுத்த தவணை மருந்துக்காக அவர் பேருந்தில் ஏறியபோது, கொடி அறுபடவில்லை, நீண்டது. கொடிக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும் என்றார் நடத்துநர். “அது உக்காந்தா வருது? தொங்கிக்கிட்டுத்தான வருது” என்று கஸ்தூரியம்மாள் கேட்கவே, அவர் விசில் ஊதினார். சின்னமனூரில் மாட்டுவண்டிகள் நின்று வழிவிட்டன. தேனி ரயில்வே கேட்டில் காவலர் மூங்கிலால் கொடியை உயர்த்திப் பிடித்து, போடி ரயிலை அதனடியில் அனுப்பினார். எவரும் ஏவாமலே மதுரை வரை மக்கள் சாலையோரத்தில் கொடியைத் தாங்கக் கவைக்கோல்களை ஊன்றினார்கள்.

அது திராட்சைக் கொடிகளை வெட்டிவிடும் கவாத்துப் பருவம். கஸ்தூரியம்மாளின் அண்ணன் அம்மாவாசி, கவாத்துக் கத்தரியோடு தோட்டம் தோட்டமாகச் சென்றுவந்தவர், தங்கை வீட்டுக் கூரையில் கொடி அடர்ந்திருப்பதைக் கண்டார். கை தன் வழக்கப்படி இயங்கியது. ஒவ்வொரு கிளையிலும் துளிர்க்கும் கண்கள் இரண்டை மட்டும் விட்டு, மற்றதை வெட்டினார். வெட்டுவாய்தோறும் சிவப்பு மருந்து சொட்டியது. மதுரையில் அவ்வேளையில் ஏற்றப்பட்ட மருந்து, தங்கையின் உடலில் தங்காமல் ஓடைப்பட்டி மண்ணில் விழுந்துகொண்டிருந்தது.

“அய்யோ, எந்தங்கச்சிய நானே வெட்டிப்புட்டனே!” என்று அலறிய அம்மாவாசி, கவாத்து செய்த காயத்துக்கு எப்போதும் செய்வதையே செய்தார்: மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் குழைத்து, அழுதுகொண்டே ஒவ்வொரு வெட்டிலும் பூசினார். கடைசி வெட்டை மூடியதும் சொட்டு நின்றது. மதுரையில் மருந்து உடலில் தங்கியது. பல மாதங்களாகத் தேறாத இரத்தம், கவாத்துக்குப்பின் துளிர்க்கும் கொடியைப்போல எலும்புக்குள் புதிதாக ஊறத் தொடங்கியது. மருத்துவர்கள் இருமுறை சோதித்துவிட்டு, மூன்றாம் முறையும் இரத்தம் எடுத்தார்கள்.

நோய் நீங்கியபின் குழாயை உருவினார்கள். கொடி மட்டும் வரவில்லை. இப்போது ஆண்டுக்கு இருமுறை, தோட்டத்தை முடித்த கையோடு, அம்மாவாசி தங்கையை முற்றத்தில் உட்காரவைத்துக் கவாத்து செய்கிறார்.

“வெரசா வெட்டுண்ணே, ஒலை கொதிக்குது” என்கிறார் கஸ்தூரியம்மாள்.